எல்-ஒன்னுக்கு எறங்கி வா, ராசா!

ஏ பேராண்டி, அந்த டி.வி. சத்தத்தைக் கொஞ்சம் குறை. நாலு பேரு கோட்டைப் போட்டுக்கிட்டு ஒரே நேரத்துல பேசுதான். ஒருத்தன் சொல்றதும் காதுல ஏறல. என்னவாம்? அரசாங்கம் வாங்குற சாமான்ல சின்னத் தொழிலுக்குன்னு ஒரு பங்கை ஒதுக்கலாமா கூடாதாங்கிற வழக்காம். ஒருத்தன் "தகுதிக்கு மதிப்பில்லாமப் போச்சு"ங்கான். எதுத்தாப்ல இருக்கவன் "சிறுதொழில்தான் நாட்டோட முதுகெலும்பு"ங்கான். ஒரு மனுசனைப் பாத்து முதுகெலும்புன்னு சொன்னா என்ன அர்த்தம் தெரியுமா? அவன் முதுகுல ஏறி உக்காரப் போறாங்கன்னு அர்த்தம்.

நீயும் தலையை ஆட்டுத. "இதென்ன தாத்தா, இனாம் குடுத்து வளக்கிற பழக்கம்?"னு கேக்க. கேப்ப, கேப்ப. படிச்ச புள்ள. நானும் ஒண்ணு கேக்கேன். அந்த இனாம் எம்புட்டுன்னு எண்ணிப் பாத்தியா?

வா, எண்ணுவோம். 2006-ல குறு, சிறு, நடுத்தரத் தொழிலுக்குன்னு ஒரு சட்டம் வந்துச்சு. அதை வச்சு 2012-ல ஒரு ஆணை. டெல்லி சர்க்காரோட அமைச்சகம், இலாகா, பொதுத்துறை கம்பெனி எல்லாம் வருசத்துக்கு வாங்குறதுல நூத்துக்கு 20 பங்கைக் குறு, சிறு தொழில்காரங்ககிட்ட வாங்கணும்னு சொன்னாங்க. 2015-ல இருந்து கட்டாயம்னாங்க. 2018-ல 20-ஐ 25 ஆக்குனாங்க. அந்த 25-க்குள்ளயே பட்டியல் சாதி, பழங்குடி மக்கள் நடத்துற தொழிலுக்கு 4, பொம்பளைங்க நடத்துறதுக்கு 3. காகிதத்துல படிச்சா கண்ணுல தண்ணி வந்துரும், அம்புட்டு அழகு.

இப்ப டெண்டரைப் பிரிக்காங்கன்னு வச்சுக்க. பெரிய கம்பெனி ஒரு சாமானுக்கு 100 ரூவா போட்டிருக்கு. அதுதான் குறைஞ்ச விலை, அவன்தான் எல்-ஒன். நம்ம பட்டறைக்காரன் 114 போட்டிருக்கான். எல்-ஒன்னுக்கு மேல 15 சதவீதத்துக்குள்ள வந்துட்டான்லா? அதனால அவனுக்குச் சலுகை உண்டு. என்ன சலுகை? 114 ரூவாயை எண்ணிக் குடுப்பாங்கன்னு நெனச்சியா? ஆசை, தோசை. "எல்-ஒன்னுக்கு எறங்கி வா, ராசா! நீயும் 100 ரூவாய்க்கே குடு. மொத்த ஆர்டர்ல கால் பங்கு உனக்கு." அம்புட்டுதான்.

அரசாங்கத்துக்கு ஒத்தை ரூவா கூடச் செலவா? கெடையாது. பெரியவன் என்ன விலைக்குக் குடுக்கானோ அதே விலைக்குத்தான் இவனும் குடுக்கான். பெரியவன் இரும்பை லாரி லாரியா மில்லுல இருந்து நேரா எறக்குவான். இவன் கடையில போய் நின்னு, முந்துன பாக்கிக்குச் சாக்குச் சொல்லி, கிலோக் கணக்குல வாங்குவான். அவனுக்கு பேங்குல ஒரு வட்டி, இவனுக்கு வேற வட்டி. இதெல்லாம் போக 14 ரூவாயை விட்டுக்குடுத்துட்டு வான்னு கூப்பிடுதாங்க. அதுக்குப் பேரு இனாமாம். தகுதி செத்துப்போச்சாம். அதே விலைக்கு, அதே சாமானை, அதே சோதனையில தேறிக் குடுக்கிறவன்கிட்ட இன்னும் என்ன தகுதி வேணுமாம்? கோட்டா?

"வெளிநாட்டுல எல்லாம் இப்படிக் கெடையாது தாத்தா, அங்க எல்லாமே போட்டிதான்"னு உன் வாத்தியார் சொன்னாரோ? சொல்லுவாரு. அமெரிக்காவுல 1953-லயே சின்ன வியாபாரத்துக்குன்னு சட்டம் போட்டு ஒரு ஆபீசும் தொறந்துட்டான். மத்திய அரசு குடுக்கிற நேரடிக் காண்ட்ராக்டுல 23 சதவீதம் சின்னவங்களுக்குப் போகணும்னு இலக்கு வச்சிருக்கான். நியாயமான விலைக்குக் குடுக்க ரெண்டு சின்ன கம்பெனியாவது வரும்னு தெரிஞ்சா, அந்த டெண்டரை அவங்களுக்குள்ள மட்டும் விடணும்னு ஒரு விதியே வச்சிருக்கான். பட்டாளத்துல இருந்து வந்தவங்க நடத்துற கம்பெனி ஒண்ணு இதே மாதிரி ஒரு விதிக்காகக் கோர்ட்டுப் படி ஏறி, 2016-ல அவங்க ஊரு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போயி ஜெயிச்சிச்சு. நீதிபதி ஒருத்தர்கூட மாத்திச் சொல்லல. சந்தையே சாமின்னு சொல்லுத ஊருலயே சண்டை இந்த லட்சணத்துல நடக்கு.

அதுக்காக நான் சின்னவன் கட்சின்னு முடிவு கட்டிறாத. அந்தப் பக்கத்துக் கூத்தையும் பாத்திருக்கேன். 1967-ல இருந்து ஒரு பட்டியல் வச்சிருந்தாங்க. இன்ன இன்ன சாமானைச் சின்ன ஆலைதான் செய்யணும், பெரியவன் தொடப்படாதுன்னு. 47 சாமான்ல ஆரம்பிச்சது 800-ஐத் தாண்டிப் போச்சு. வாங்குறதுல இல்லடே, செய்யிறதுலயே ஒதுக்கீடு. எங்க கரிசக்காட்டுத் தீப்பெட்டி, பட்டாசு, ஊறுகா, மெழுகுவர்த்தி, ஊதுபத்தி, இரும்பு பீரோ எல்லாம் அதுல இருந்துச்சு. தீப்பெட்டி ஆபீசுன்னா சும்மாவா? மழை ஏமாத்துன வருசமெல்லாம் கோவில்பட்டி, சாத்தூர்ப் பக்கம் எத்தனை வீட்டுல அடுப்பு எரிஞ்சது அதனாலதான்.

ஆனா அதுலயும் ஒரு கள்ளத்தனம் வளந்துச்சு. கொஞ்சம் முன்னேறுனவன் என்ன பண்ணுவான்? எல்லையைத் தாண்டுனா சலுகை போயிருமே. பொஞ்சாதி பேருல ஒண்ணு, மச்சான் பேருல ஒண்ணு, இன்னும் தொட்டில்ல கெடக்கிற புள்ள பேருல ஒண்ணுன்னு கம்பெனியைக் கூறு போட்டான். வளரத் தெம்பிருந்தும் குனிஞ்சே நடந்தான். 1997-ல ஆபித் உசேன் கமிட்டி இந்தப் பட்டியலைத் தூக்கிருங்கன்னு சொல்லிச்சு. கொஞ்சம் கொஞ்சமாத் தூக்குனாங்க. 2015 ஏப்ரல்ல மிச்சமிருந்த 20 சாமானையும் விடுவிச்சாங்க. அந்தக் கடைசி 20-ல தீப்பெட்டியும் ஊறுகாயும் இருந்துச்சு. அன்னைக்கு ஊறுகா போச்சேன்னு எந்த டி.வி.யிலயும் ஒருத்தனும் அழுத மாதிரித் தெரியல.

சரி, இப்ப சண்டைக்கு வாரேன். நெசமான சண்டை எங்க இருக்கு தெரியுமா? ஒதுக்கணுமா வேணாமாங்கிறதுல இல்ல. சின்னவன்னா யாருங்கிறதுல இருக்கு.

2006-ல மெசினுல 5 கோடி வரைக்கும் போட்டவன் சிறு தொழில்காரன். 2020-ல 10 கோடி மொதலீடு, 50 கோடி விற்பனைன்னு ஏத்துனாங்க. 2025 ஏப்ரல்ல இருந்து 25 கோடி மொதலீடு, 100 கோடி விற்பனை. நல்லாக் கேட்டுக்க, 100 கோடி. அதுலயும் ஏற்றுமதி பண்ணுற காசு கணக்குல சேராது. வெளிநாட்டுக்கு வித்தது 50 கோடி, உள்ளூர்ல வித்தது 95 கோடின்னாலும் அவன் சின்னவன்தான். பாவம், இளைச்சுப் போனவன். நம்ம ஊருல பொங்கலுக்கு 45 கிலோ கபடின்னு நோட்டீஸ் ஒட்டுவோம்லா? வருசா வருசம் எடையை ஏத்தி ஏத்தி, கடைசியில மீசை முறுக்குன 90 கிலோ ஆளையும் "சின்னப் பையன்தான், எறக்கு"ன்னு உள்ள விட்டா எப்படி இருக்கும்? பாடிப் போன மொதப் பொடியன் எலும்பு மிஞ்சுமா?

விலைவாசி ஏறிருச்சு, மெசின் விலை ஏறிருச்சு, அதான் எல்லையையும் ஏத்துனோம்ங்காங்க. நியாயந்தான். நான் மறுக்கல. ஆனா ரெண்டு லேத்து, ஒரு வெல்டிங் செட்டு, அஞ்சு ஆளு வச்சிருக்கிறவனும் 90 கோடி விக்கிறவனும் ஒரே கால் பங்குக்குள்ள முட்டிக்கிடணுமா? பொம்பளைங்களுக்கு 3-னு தனியா வச்சாங்க, பட்டியல் இனத்தாருக்கு 4-னு தனியா வச்சாங்க. குறுந்தொழில்காரனுக்குன்னு தனியா ஒரு ஒண்ணு வச்சாங்களா? இல்ல. ரெண்டு பேரையும் சேத்துக் கட்டிட்டு, "25-ஐத் தாண்டிட்டோம்"னு வருசா வருசம் கைதட்டிக்கிடுதாங்க. தாண்டுனது யாருன்னு கேளு. அந்த 4 ஏன் இழுத்துக்கிட்டே கெடக்குன்னும் கேளு. எட்டலேன்னா தண்டனை என்னன்னு கேட்டியா? இதைக் கண்காணிக்கிற கமிட்டிக்கு ஒரு விளக்கம் எழுதிக் குடுக்கணும். பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டா நீ லீவு லெட்டர் எழுதுவியே, அதைவிடக் கொஞ்சம் நீளமா இருக்கும்.

அடுத்தது டெண்டர் நிபந்தனை. இதைப் படிச்சா எனக்குச் சிரிப்பு அடங்காது. சின்னவனுக்கு ஒதுக்கீடு உண்டுன்னு மொதப் பக்கத்துல போட்டிருப்பாங்க. ஏழாம் பக்கத்துல, மூணு வருசம் இத்தனை கோடி டர்னோவர் காட்டணும், இதே வேலையை இதே அளவுல முந்தியே செஞ்சிருக்கணும்னு போட்டிருப்பாங்க. ஆர்டர் இல்லாம அனுபவம் எங்க இருந்து வரும்? அனுபவம் இல்லாம ஆர்டர் எங்க இருந்து வரும்? தரம் கெடாதுன்னா இந்த நிபந்தனையத் தளத்திக்கிடலாம்னு அவங்களே சுற்றறிக்கை விட்டிருக்காங்க. தளத்திக்கிடலாம்! 'லாம்'. அந்த 'லாம்'லதான் ஆபீசர் காலை நீட்டிப் படுத்திருக்காரு. தளத்துனா நாளைக்கு ஆடிட்டுக்காரன் ஏன்னு கேப்பான். தளத்தலேன்னா எவன் கேக்கப் போறான்? நீ அந்த நாற்காலியில இருந்தா என்ன பண்ணுவ? அதையேதான் அவரும் பண்ணுதாரு.

இன்னொரு வித்தையும் இருக்கு. நாலு ஊருக்கு நாலு சின்ன டெண்டராப் போகுறதை ஒண்ணாச் சேத்து ஒரே மூட்டையாக் கட்டிருவாங்க. நிர்வாகம் சுளுவாம். சுளுவுதான், ஒத்தைக் கையெழுத்து, ஒத்தை ஆளு. அந்த மூட்டையைத் தூக்க நம்ம பட்டறைக்காரனுக்கு எங்க தெம்பு? அப்புறம், கட்டட வேலை, ரோட்டு வேலை மாதிரி ஒப்பந்தமெல்லாம் இந்த ஆணைக்குள்ள வராதுன்னு சொல்லிட்டாங்க. அது வேற வழக்கு, விடு.

மருந்து செய்யிற கம்பெனி ஒண்ணு இந்த டர்னோவர் நிபந்தனையை எதுத்து உச்ச நீதிமன்றம் வரைக்கும் போச்சு. 2025 பிப்ரவரியில தீர்ப்பு. கொள்கைக்குச் சட்ட பலம் உண்டு, அதிகாரிகளுக்குக் கடமை உண்டு, ஆனா 25-ங்கிறது வருசக் கணக்கு, ஒவ்வொரு டெண்டர்லயும் எனக்கு இத்தனைன்னு தனி ஆளு உரிமை கேக்க முடியாதுன்னு சொல்லிச்சு. டர்னோவர் சமாச்சாரத்தைக் கமிட்டி பாக்கட்டும்னும் சொல்லிச்சு. மறுபடியும் கமிட்டி. பாத்துக்க.

இதுக்கு நடுவுல ஒருத்தன் சத்தமில்லாம வெண்ணெய் எடுத்துக்கிட்டுப் போறான். யாரு? யாவாரி. அவனுக்குப் பட்டறை கெடையாது, லேத்து கெடையாது. ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர். எவனோ செஞ்ச சாமானை வாங்கி, தன் பேரு ஸ்டிக்கரை ஒட்டி, 'நானும் சிறு தொழில்'னு வந்து நிப்பான். யாவாரிக்கு இந்த ஒதுக்கீடு இல்லன்னு விதி தெளிவாத்தான் இருக்கு. 2021-ல கடைக்காரங்களையும் சிறு தொழிலுக்கான உத்யம் பதிவுக்குள்ள விட்டாங்க, ஆனா பேங்கு கடனுக்கு மட்டும்தான்னு சொல்லித்தான் விட்டாங்க. சர்டிபிகேட்டு கையில கெடைச்சப்புறம் அந்த 'மட்டும்' யாரு கண்ணுக்குத் தெரியும்? இப்ப அரசாங்கத்துக்கு வாங்குறது விக்கிறது எல்லாம் ஜெம் போர்ட்டல்ங்கிற இணையச் சந்தையில. 2016-ல இருந்து வந்த ஏற்பாடு, நல்ல ஏற்பாடு, நான் கொறை சொல்லல. ஆனா திரையில படம்தான தெரியும்? செஞ்ச கை தெரியாதே. ஒரு ஆளை அனுப்பிப் பட்டறை இருக்கான்னு எட்டிப் பாத்துட்டு வரச் சொன்னா, பாதி வழக்கு ஒரு டீக்குள்ள முடிஞ்சு போகும்.

இம்புட்டையும் தாண்டி ஒருத்தன் ஆர்டர் வாங்கிட்டான்னு வையி. சிரமம் தீந்துச்சா? போடா பைத்தியக்காரா, இப்பத்தான் ஆரம்பம்.

என் தங்கச்சி மகன் ஒருத்தன் பட்டறை வச்சிருக்கான். ஒரு பெரிய நிறுவனத்துக்குச் சாமான் செஞ்சு அனுப்புனான். பேரு உனக்கெதுக்கு? பில்லு போட்டான். மொத மாசம் கேட்டான், "இன்ஸ்பெக்சன் ரிப்போர்ட் வரல". ரெண்டாம் மாசம், "ரிப்போர்ட் வந்துருச்சு, சார் லீவு". மூணாம் மாசம், "சார் வந்துட்டாரு, பைல் மேல போயிருக்கு". மேலன்னா எங்க? மொட்டை மாடிக்கா? இதுக்குள்ள இரும்புக் கடைக்காரன் இவன் வீட்டு வாசல்ல. லேபருக்குச் சனிக்கிழமையானா சம்பளம். சனிக்கிழமைக்கு லீவு விடவா முடியும்?

சட்டம் என்ன சொல்லுது தெரியுமா? சாமானை ஏத்துக்கிட்ட நாள்ல இருந்து அதிகபட்சம் 45 நாளைக்குள்ள பணத்தைக் குடுக்கணும். 15 நாளைக்குள்ள எழுத்துல குறை சொல்லலேன்னா ஏத்துக்கிட்டதா அர்த்தம். தவறுனா ரிசர்வ் பேங்கு வட்டியைப் போல மூணு மடங்கு, அதுவும் மாசா மாசம் வட்டிக்கு வட்டி. நம்ம ஊரு கந்துவட்டிக்காரனே துண்டைத் தோள்ல போட்டுக்கிட்டு நடையைக் கட்டிருவான், அப்படி ஒரு சட்டம். மாநிலத்துக்கு மாநிலம் கவுன்சில் இருக்கு, அங்க போய் முறையிடலாம். கவுன்சில் சொன்ன தீர்ப்பை வாங்குனவன் எதுக்கணும்னா, மொதல்ல முக்கால் பங்குப் பணத்தைக் கட்டிட்டுத்தான் கோர்ட்டு வாசலை மிதிக்கணும். இதைவிட நல்ல சட்டம் எழுத முடியுமா?

முடியாது. என் மருமகன்கிட்ட "போடுறா கேஸை"ன்னேன். அவன் என்னை ஒரு பார்வை பாத்தான். "மாமா, இன்னைக்குக் கேஸைப் போட்டுட்டு, நாளைக்கு அடுத்த கொட்டேசனோட அதே வாசல்ல எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு நிக்க?"ன்னான். எனக்குப் பதில் வரல. திருவெறும்பூர், துவாக்குடிப் பக்கம் போய்ப் பாரு. பாய்லர் பாகம் செய்யிற பட்டறைங்க வரிசையா நிக்கும். பெரும்பாலும் ஒத்தைப் பெரிய நிறுவனத்தை நம்பி வளந்த ஊரு. அனல் மின் நிலையத்துக்கு ஆர்டர் கொறஞ்ச காலத்துல அங்க எத்தனை ஷட்டர் எறங்குச்சுன்னு கேளு. ஒரே ஒருத்தன்கிட்ட விக்கிறவன் எந்தச் சட்டத்தை எடுத்துக்கிட்டு அவன்மேலயே பாய?

அப்புறம் 2024-ல வருமான வரியில ஒரு பிடி போட்டாங்க. குறு, சிறு தொழிலுக்கு 45 நாள் கெடுவைத் தாண்டிப் பாக்கி வச்சா, அந்தச் செலவைப் பணம் குடுக்கிற வருசக் கணக்குலதான் கழிக்க முடியும். நல்ல பிடின்னு நாங்கள்லாம் கை தட்டுனோம். உடனே சில பெரிய மனுசங்க என்ன சொன்னாங்களாம்? "தம்பி, உன் உத்யம் பதிவைக் கேன்சல் பண்ணிட்டு வா, இல்லேன்னா பதிவில்லாதவன்கிட்ட வாங்கிக்கிடுதோம்." ஒருத்தனுக்குக் குடை பிடிச்சா, பக்கத்துல இருக்கவன் மழையையே வேற ஊருக்குத் திருப்பிவிடுதான்.

அதனால டி.வி.யில அடுத்த தடவை ஒருத்தன் சதவீதக் கணக்கைப் பேசுனா, சதவீதத்தை விடு. பில்லு என்னைக்குப் பாஸாச்சு, பணம் என்னைக்கு பேங்குல விழுந்துச்சு, இந்த ரெண்டு தேதியை மட்டும் கேளு. கோட்டுக்காரன் உடனே தண்ணி குடிப்பான்.

என்ன முழிக்க? ஓ, நீயே தொழில் ஆரம்பிக்கப் போறியா! அதை மொதல்லயே சொல்றதுக்கென்ன? கேட்டுக்க. உத்யம் பதிவு இலவசம், அரசாங்கத்து இணையதளத்துல நீயே பண்ணிக்கிடலாம். ஆயிரம் குடு, ரெண்டாயிரம் குடுன்னு எவனாவது கேட்டா அது வேற தளம், மூடிரு. டெண்டருக்கு ஈ.எம்.டி.ங்கிற முன்வைப்புத் தொகை கட்ட வேண்டாம், விண்ணப்பத்துக்கும் காசு கெடையாது. ஆனா ஆர்டர் வந்துட்டா செக்யூரிட்டி டெபாசிட் கேப்பான், அதுக்குப் பணத்தை எடுத்து வச்சுக்க. அதுக்கும் விலக்கு உண்டுன்னு நெனச்சு ஏமாந்து போகாத.

என்ன சாமான் செய்யலாம்னு கேக்க. இன்னொரு பட்டியல் இருக்கு, 358 சாமான். அதை டெல்லி சர்க்காரு குறு, சிறு தொழில்காரன்கிட்ட மட்டும்தான் வாங்கணும். பெரியவன் உள்ள தலை நீட்ட முடியாது. இங்க எல்-ஒன்னுக்கு எறங்கி வான்னு பெரியவன் விலையைக் காட்டிக் கூப்பிடுற கூத்து இல்ல, சின்னவங்களுக்குள்ளயே போட்டி. விலை கூடுமேன்னு எவனாவது சண்டை போடணும்னா இந்தப் பட்டியல்மேல போடட்டும், அதுல கொஞ்சம் நியாயம் இருக்கு. படிச்சுப் பாரு. வாளி இருக்கு, விளக்குமாறு இருக்கு, குடை, முள்கம்பி, பூட்ஸ் பாலிஷ், ஊறுகா எல்லாம் இருக்கு. லத்தி கூட இருக்கு.

லத்தியா? லத்தி செய்யலாம்ங்கியா? செய்யி, வேண்டாம்னு சொல்லல. மெசின் அதிகம் வேண்டாம், எடமும் அதிகம் வேண்டாம், நாட்டுல கலவரத்துக்குப் பஞ்சமும் கெடையாது. ஒண்ணே ஒண்ணை மட்டும் யோசிச்சுக்க பேராண்டி. 46-ஆம் நாளு பில்லுக்குப் பணம் கேட்டு நீ போய் நிக்கையில, உன் சரக்கு அவங்க கையில இருக்கும்.